செட்டோ உள்கடல் கரையோரப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா மூன்றையும் பார்த்தவர்கள் அடுத்து எங்கே என்று கேட்டால் நான் கைகாட்டுவது செட்டோ உள்கடல் பக்கம்தான். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே ஊர்ப் பட்டியலை வைத்துத் திட்டம் போட்டால் சொதப்பிவிடும். கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும், கடைசிப் படகு எத்தனை மணிக்கு, எந்தத் தீவில் என்றைக்கு விடுமுறை என்று பார்த்துவிட்டு, அதற்கேற்ப ஊர்களை அடுக்க வேண்டும். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் இதே பாட்டுத்தான்.

செட்டோ உள்கடல் என்பது எந்தப் பகுதி?

ஹோன்ஷூ, ஷிகோகு, கியூஷூ என்ற மூன்று பெரிய தீவுகளுக்கு நடுவே சிக்கிய கடல். வடகரையில் ஹிமேஜி, ஒகயாமா, குராஷிகி, ஒனோமிச்சி, ஹிரோஷிமா. தென்கரையில் தகமட்சு, இமாபாரி, மட்சுயாமா. நடுவில் நூற்றுக்கணக்கான தீவுகள். 1934-இல் ஜப்பான் முதன்முதலாக தேசியப் பூங்காக்களை அறிவித்தபோது அந்த முதல் வரிசையிலேயே இந்தக் கடலும் இடம்பிடித்தது.

பெரிய அலை கிடையாது. தூரத்தில் தீவுகள் ஒன்றன்பின் ஒன்றாக நீலம் வெளுத்துக்கொண்டே போகும். நீச்சலடித்து வெயில் காயும் கடற்கரைதான் வேண்டும் என்பவர்கள் ஒகினாவா போகலாம்.

எந்த மாதம் போகலாம்?

ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர். வடக்கே சூகோகு மலைகளும் தெற்கே ஷிகோகு மலைகளும் மழைமேகங்களை மறிப்பதால், ஜப்பானின் மற்ற இடங்களைவிட இங்கே மழை குறைவு. ஆனாலும் ஜூன் தொடக்கம் முதல் ஜூலை நடுப்பகுதி வரை மழைக்காலம். ஆகஸ்டில் புழுக்கம் சென்னையைப் போலவே இருக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் புயலும் வரும். செர்ரிப் பூ பெரும்பாலும் ஏப்ரல் முதல் வாரத்தில். ஹிரோஷிமாவை ஒட்டிய மியாஜிமா தீவின் மேப்பிள் இலைகள் சிவப்பது நவம்பர் நடுவிலிருந்து கடைசி வரை.

ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே முதல் வாரம் வரை வரும் தொடர் விடுமுறையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அறையும் கிடைக்காது, படகில் இடமும் கிடைக்காது.

எத்தனை நாள் வேண்டும்? எந்த வரிசையில் சுற்றுவது?

மூன்று நாள்தான் என்றால் ஹிரோஷிமா, மியாஜிமா, ஒனோமிச்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குள் நவோஷிமாவையும் திணிக்கப் பார்க்காதீர்கள்.

ஒரு வாரம் இருந்தால் வட்டமாகச் சுற்றலாம். ஒசாகாவிலிருந்து புல்லட் ரயிலில் ஒகயாமா, ஏறத்தாழ 45 நிமிடம். அங்கிருந்து கடல்மேல் ஓடும் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் தகமட்சு. அங்கே தங்கிக்கொண்டு நவோஷிமா, தேஷிமா என்ற கலைத்தீவுகள், கொடோஹிராவின் படிக்கட்டுக் கோயில். பிறகு ரயிலில் இரண்டரை மணி நேரம் போல மட்சுயாமா. அங்கிருந்து திரும்ப ரயிலேறாமல் படகில் ஹிரோஷிமா. விரைவுப் படகு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் எடுக்கும், பெரிய ஃபெர்ரி 2 மணி 40 நிமிடம். நான் ஃபெர்ரியைத்தான் சொல்வேன். விரைவுப் படகில் கண்ணாடிக்குப் பின்னால் பெல்ட் போட்டு உட்கார வேண்டும், ஃபெர்ரியில் மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டு வரலாம். காசும் குறைவு.

ஒகயாமாவிலிருந்து தகமட்சு போகும் அந்த ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை. அது ஏறிப்போவது 1988-இல் திறந்த செட்டோ பெரும்பாலம்: மேல்தட்டில் கார்கள், கீழ்த்தட்டில் ரயில். அதற்கு முன்பு ரயில்பயணிகளைப் படகுதான் அக்கரை சேர்த்தது. 1955 மே மாதத்தில் மூடுபனியில் ஷியுன் மாரு என்ற அந்தப் படகு வேறொரு கப்பலோடு மோதி மூழ்கி 168 பேர் இறந்தார்கள். பள்ளிச் சுற்றுலா வந்த பிள்ளைகள்தான் அதில் அதிகம். பாலம் வேண்டும் என்ற குரல் வலுத்தது அதற்குப் பிறகுதான். ரயிலில் பாலத்தைத் தாண்டும்போது எல்லோரும் செல்போனைத் தூக்குவார்கள், நீங்களும் தூக்குங்கள், ஆனால் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பான் முழுவதுக்குமான ரயில் பாஸ் வாங்கலாமா?

இந்தப் பகுதிக்கு மட்டும் என்றால் வேண்டாம். 2023 அக்டோபரில் அதன் விலையை ஏற்றி, ஏழு நாள் பாஸை 50,000 யென் ஆக்கினார்கள். ஜேஆர் மேற்கு என்ற ரயில் நிறுவனத்தின் கன்சாய்–ஹிரோஷிமா பாஸ் போன்ற வட்டாரப் பாஸ்கள் எவ்வளவோ மலிவு. நாடு தழுவிய பாஸில் நொசோமி என்ற அதிவேகப் புல்லட் ரயிலுக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும், இந்தப் பாஸிலோ ஷின்-ஒசாகா முதல் ஹிரோஷிமா வரை அப்படியே ஏறலாம். மியாஜிமா போகும் ஜேஆர் படகும் இதில் அடக்கம்.

ஒனோமிச்சிக்குப் போகிறவர்கள் வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஷின்-ஒனோமிச்சி நிலையத்துக்கு டிக்கெட் போடுவார்கள். அது ஊருக்கு வெளியே, மெதுவாகப் போகும் கொடாமா மட்டும் நிற்கும் நிலையம். ஃபுகுயாமாவில் இறங்கி சாதாரண ரயில் பிடித்தால் 20 நிமிடத்தில் துறைமுகத்துக்கு எதிரிலேயே இறங்கலாம்.

ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகத்துக்குக் குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

பத்து வயதுக்கு மேல் என்றால் போகலாம், முன்கூட்டியே பேசிவிட்டு. சிறு குழந்தைகளோடு வந்தால் பெற்றோரில் ஒருவர் உள்ளே போக, இன்னொருவர் பூங்காவில் இருக்கலாம். கருகிய சோற்றுடன் கிடைத்த மதிய உணவுப் பெட்டி, கிழிந்த பள்ளிச் சீருடை என்று உள்ளே இருப்பவை பெரும்பாலும் சிறு பொருள்கள். பெரியவர்களே பேச்சில்லாமல்தான் வெளியே வருவார்கள். அன்றைக்கு மாலை வேறு எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 200 யென். நடுப்பகலில் நெரிசல் தாங்காது. காலையில் திறக்கும் நேரத்துக்கும் மாலைக்கும் இணையத்தில் முன்பதிவு உண்டு, அதைப் பயன்படுத்துங்கள்.

குழந்தைகளுக்குப் புரியும் இடம் வெளியே இருக்கிறது. குண்டு விழுந்தபோது இரண்டு வயதாக இருந்து, 1955-இல் பன்னிரண்டு வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்த சடாகோ சசாகியின் நினைவாக எழுப்பிய சிறுவர் நினைவுச் சின்னம். உலகெங்கிலும் இருந்து வரும் காகிதக் கொக்குகளைச் சுற்றிலும் கண்ணாடிக் கூண்டுகளில் தொங்கவிட்டிருப்பார்கள். வீட்டிலேயே மடித்து எடுத்துப் போகலாம்.

எல்லோரும் படமெடுக்கும் குவிமாடக் கட்டடம் யான் லெட்ஸல் என்ற செக் கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1915-இல் எழுந்தது, அந்த மாநிலத்தின் உற்பத்திப் பொருள்களுக்கான கண்காட்சிக் கூடம். அதைப் பார்த்தபின் டிராமில் ஏறுங்கள். 1945 ஆகஸ்ட் 6 காலை 8:15-க்கு குண்டு விழுந்தது, மூன்றே நாளில் ஒரு பகுதித் தடத்தில் டிராம் மறுபடி ஓடியது. அன்று தப்பிய 650 வரிசை டிராம்களில் ஒன்றிரண்டு இன்றும் ஓட்டத்தில் இருக்கின்றன. பழைய வழிகாட்டிப் புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு: 2025 ஆகஸ்ட் முதல் டிராம் ஹிரோஷிமா ரயில் நிலையக் கட்டடத்துக்குள், இரண்டாம் தளத்துக்கே வந்துவிடுகிறது. வெளியே போய்த் தேட வேண்டாம்.

மியாஜிமாவில் தோரணவாயில் நீரில் மிதப்பதுபோல் படம் பார்த்தோம். நேரில் போனால் சேற்றில் நிற்கிறதே?

வற்றத்தில் போயிருப்பீர்கள். ஹிரோஷிமா விரிகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சில நாள்களில் நான்கு மீட்டர் அளவுக்குக்கூட வித்தியாசம் வரும். மியாஜிமா சுற்றுலாச் சங்கம் நாள்வாரியாக நீர்மட்ட அட்டவணை வெளியிடுகிறது. 250 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் வாயிலும் இட்சுகுஷிமா கோயிலும் மிதப்பதுபோல் தெரியும். 100-க்குக் கீழே இறங்கினால் வாயில் வரைக்கும் நடந்தே போகலாம். ஏற்றம் ஒரு நாளைக்கு இரு முறை, நேரமோ தினமும் 50 நிமிடம் போலத் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். ஆகவே பயணத் தேதியை முடிவு செய்யும் முன்பே நாட்காட்டியைப் பாருங்கள். ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டையும் பார்ப்பதுதான் சரி. அதற்குத் தீவிலேயே ஓர் இரவு தங்கினால் இன்னும் வசதி, மாலைக்கு மேல் பகல் கூட்டம் முழுக்கப் படகேறிப் போய்விடும்.

வற்றத்தில் கிட்டப் போய்ப் பார்ப்பதற்கும் விஷயம் இருக்கிறது. இப்போது நிற்கும் வாயில் 1875-இல் எழுப்பியது, 16 மீட்டருக்குச் சற்று அதிக உயரம். இரண்டு பெரிய தூண்களும் கற்பூர மரத்தின் முழு அடிமரங்கள். செதுக்கி உருட்டாமல் மரத்தின் புடைப்பும் வளைவும் அப்படியே விட்டிருப்பார்கள், கைவைத்தால் தெரியும். அடியில் மண்ணுக்குள் புதைக்கவில்லை. தன் எடையிலேயே நிற்கிறது. எடை போதாது என்று மேலே உள்ள குறுக்கு உத்தரத்தைப் பெட்டிபோல் கூடாகச் செய்து, உள்ளே கற்களை நிரப்பியிருக்கிறார்கள். தூணில் நீர்க்கோட்டுக்குக் கீழே சிப்பிகள் ஒட்டிக் கிடக்கும். 2019-இல் தொடங்கிய பழுதுபார்ப்பு 2022 கடைசியில் முடிந்துவிட்டது, இப்போது சாரம் எதுவும் இல்லை.

கோயிலை விட்டு வெளியே வந்ததும் பக்கத்திலேயே தைகான்ஜி. அங்கே வழிபடும் பென்சைதென் வேறு யாருமில்லை, நம் சரஸ்வதிதான். பௌத்தத்தோடு சீனா வழியாக வந்து, ஜப்பானில் நீர்க்கரைகளுக்கும் தீவுகளுக்கும் உரிய தெய்வமாகிவிட்டாள். ஜப்பானின் மூன்று பெரிய பென்சைதென் தலங்களில் இதுவும் ஒன்று. முக்கால்வாசிப் பேர் பார்க்காமலேயே இனிப்புக் கடைக்குப் போய்விடுகிறார்கள்.

மிசென் மலை 535 மீட்டர். ரோப்கார் உச்சி வரை போகாது, இறங்கியபின் அரை மணி நேரம் ஏறி இறங்கி நடக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ரோப்கார் நிலையத்துக் காட்சிமாடமே போதும். மான்கள் பையில் இருக்கும் காகிதத்தை உருவித் தின்னும், ரயில் பாஸையும் சேர்த்துத்தான். தீவுக்கு வருபவர்களுக்கு 100 யென் வரி உண்டு, படகுக் கட்டணத்தோடு வாங்கிவிடுவார்கள்.

ஷிமானாமி கைடோ சைக்கிள் பாதை எங்களைப் போன்ற சாதாரண ஆட்களுக்கு முடியுமா?

முடியும், முழுவதும் ஓட்டியே ஆகவேண்டும் என்று வீம்பு பிடிக்காவிட்டால். ஒனோமிச்சியிலிருந்து இமாபாரி வரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர். முகாய்ஷிமா, இன்னோஷிமா, இகுச்சிஜிமா, ஓமிஷிமா, ஹகாதாஜிமா, ஓஷிமா என்று ஆறு தீவுகளைப் பாலங்கள் கோக்கின்றன. சாலையோரம் நீலக்கோடு போட்டிருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டே போனால் வழி தவறாது. பாலங்கள் உயரத்தில் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் வளைந்து வளைந்து ஏறும் தனிச் சரிவுப்பாதை உண்டு. செங்குத்து இல்லை, ஆனால் நீளம். மூச்சு வாங்குவது அங்கேதான்.

நான் பரிந்துரைப்பது பாதிப் பயணம். காலையில் ஒனோமிச்சித் துறையில் சைக்கிள் வாடகைக்கு எடுத்து, சில நிமிடப் படகில் முகாய்ஷிமா கடந்து, இகுச்சிஜிமாவின் செட்டோடா ஊர் வரை ஓட்டுங்கள். அது 30 கிலோமீட்டர் போல. ஊர் முழுக்க எலுமிச்சைத் தோட்டம், எலுமிச்சை ஐஸ்கிரீம் இல்லாத கடையே இல்லை. கோசாஞ்சி கோயிலுக்குப் பின்னால் இத்தாலியப் பளிங்கில் செய்த வெள்ளைக் குன்று ஒன்று இருக்கிறது, மதிய வெயிலில் கண் கூசும், கறுப்புக் கண்ணாடி வேண்டும். திரும்பும்போது சைக்கிளோடு படகேறினால் முக்கால் மணி நேரத்தில் ஒனோமிச்சி.

இன்னும் தெம்பு இருந்தால் அடுத்த பாலம் ததாரா. 1999-இல் திறந்தபோது கோபுரத்திலிருந்து நேராக இழுத்த கம்பிவடங்கள் தாங்கும் பாலங்களில் உலகிலேயே மிக நீண்டது அதுதான், நடு இடைவெளி 890 மீட்டர். அதைத் தாண்டினால் ஓமிஷிமாவின் ஓயமாசுமி கோயில். போரில் வென்ற தலைவர்கள் கவசங்களைக் காணிக்கையாகக் கொடுத்த இடம் என்பதால், அதன் கருவூலத்தில் சாமுராய் கவசங்கள் குவிந்து கிடக்கின்றன.

சாதாரண சைக்கிளை எடுத்த இடத்தில்தான் விடவேண்டும் என்றில்லை, வழியில் உள்ள வேறு நிலையங்களிலும் விடலாம். மோட்டார் உதவியுள்ள சைக்கிளுக்கு விதி வேறாக இருக்கலாம், எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

நவோஷிமா, தேஷிமா இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால்?

நவீனக் கலை பிடிக்கும், அதிகம் பார்த்ததில்லை என்பவர்களுக்கு நவோஷிமா. ஒரே ஒரு விஷயத்தைப் பார்த்தாலும் மனதில் நிற்கவேண்டும் என்பவர்களுக்கு தேஷிமா. என் ஓட்டு தேஷிமாவுக்கு.

நவோஷிமாவின் வடக்கே 1917 முதல் இயங்கும் தாமிர உருக்காலை இருக்கிறது, தெற்கே தடாவோ ஆண்டோ கட்டிய அருங்காட்சியகங்கள். அவற்றில் முக்கியம் 2004-இல் திறந்த சிச்சூ. மலையின் அழகு கெடக்கூடாது என்று முழுக்கட்டடத்தையும் மண்ணுக்குள் இறக்கியிருக்கிறார்கள். மோனேயின் அல்லி ஓவியங்களை அங்கே மின்விளக்கு இல்லாமல் மேலிருந்து கசியும் பகல்வெளிச்சத்தில் பார்க்கலாம், மேகம் கடந்தால் ஓவியத்தின் நிறமும் மாறும். யயோய் குசாமாவின் மஞ்சள் பூசணியை 2021 புயல் கடலுக்குள் இழுத்துப் போட்டது. புதிதாகச் செய்து அடுத்த ஆண்டு அதே துறைமேடையில் வைத்துவிட்டார்கள்.

தேஷிமாவுக்கு வேறொரு வரலாறு. பல ஆண்டுகளாகத் தொழிற்சாலைக் கழிவை அங்கே சட்டவிரோதமாகக் கொட்டினார்கள். ஊர்மக்கள் விடாமல் போராடித்தான் அதை அகற்ற வைத்தார்கள். அந்தத் தீவின் வயல் சரிவில் 2010-இல் வந்தது தேஷிமா கலை அருங்காட்சியகம். கட்டடம் ரியூவே நிஷிசாவா, உள்ளே இருக்கும் படைப்பு ரெய் நைதோ. தூணே இல்லாத வெள்ளைக் கான்கிரீட் ஓடு, மேலே இரண்டு பெரிய திறப்புகள், உள்ளே காட்சிப்பொருள் என்று ஒன்றும் கிடையாது. தரையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளிலிருந்து நீர் துளித்துளியாக ஊறும். ஒரு துளி தயங்கும், நகரும், இன்னொன்றோடு சேர்ந்ததும் வேகம் பிடித்து ஓடும், தேங்கி நிற்கும் நீரில் போய்க் கலக்கும். இதைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் தரையில் உட்கார்ந்திருப்பீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். குளிர்காலத்தில் கான்கிரீட் சில்லிடும், தடித்த காலுறை போட்டுக்கொள்ளுங்கள்.

இனி எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம்: சிச்சூ திங்கள்கிழமை விடுமுறை. தேஷிமா செவ்வாய் விடுமுறை, குளிர்காலத்தில் கூடுதல் நாள்களும். வார முதலில் போகிறவர்களுக்கு இரண்டு நாளும் பாழ். இரண்டுக்கும் நேரம் குறித்து இணையத்தில் முன்பதிவு செய்யவேண்டும். தேஷிமாவுக்குப் படகும் குறைவு, சிறியதும்கூட, இடம் நிரம்பினால் அடுத்ததுதான். முதலில் படகு, பிறகு அருங்காட்சியக நேரம், கடைசியாக ஓட்டல் என்ற வரிசையில் பதிவு செய்யுங்கள்.

மூன்றாண்டுக்கு ஒருமுறை செட்டோஉச்சி கலைவிழா நடக்கும், கடைசியாக 2025-இல் நடந்தது. விழா ஆண்டில் பார்ப்பதற்கு நிறைய இருக்கும், நிற்பதற்குத்தான் இடம் இருக்காது.

முயல் தீவு குழந்தைகளுக்குப் பிடிக்குமா?

ஓகுனோஷிமாவைக் கேட்கிறீர்கள். பிடிக்கும். தடானோஉமி துறையிலிருந்து 15 நிமிடப் படகு, இறங்கியதுமே முயல்கள் காலைச் சுற்றும். தூக்கக்கூடாது, சாலையில் வைத்து உணவு கொடுக்கக்கூடாது. பெரியவர்கள் அங்குள்ள சின்ன அருங்காட்சியகத்தையும் பார்க்க வேண்டும். 1929 முதல் போர் முடியும் வரை ஜப்பானிய ராணுவம் நச்சுவாயு தயாரித்த தீவு இது. ரகசியம் காக்க அந்நாளில் வரைபடத்திலிருந்தே இதை நீக்கியிருந்தார்கள். ஹிரோஷிமாவைப் பார்த்த மறுநாள் இங்கே வருவது நல்லது என்பது என் கருத்து.

கூட்டமில்லாத ஒரு பழைய துறைமுகம்?

தோமோனோஊரா. ஃபுகுயாமாவிலிருந்து பேருந்தில் அரை மணி நேரம். உள்கடலுக்குள் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் ஏறிவரும் நீர் ஏறத்தாழ இந்த இடத்தில் சந்திக்கிறது. பாய்மரக் காலத்தில் ஏற்றத்தோடு இங்கு வரை வந்த கப்பல்கள், நீர் திரும்பும் வரை காத்திருந்து, வற்றத்தோடு மறுபக்கம் போயின. காத்திருந்த மாலுமிகளை நம்பித்தான் ஊர் வளர்ந்தது. 1859-இல் நிறுவிய கல்விளக்குத் தூணும், நீர் ஏறினாலும் இறங்கினாலும் சரக்கு இறக்க வசதியாகப் படிப்படியாகக் கட்டிய கல்துறையும் அப்படியே இருக்கின்றன. ஃபுகுசென்ஜி கோயிலின் கூடத்தில் உட்கார்ந்தால் மரச்சட்டங்களுக்கு நடுவே கடலும் தீவும் தெரியும். 1711-இல் அங்கே தங்கிய கொரியத் தூதுக்குழுவினர் ஜப்பானிலேயே இதுதான் சிறந்த காட்சி என்று எழுதிக் கொடுத்துப் போனார்கள்.

தகமட்சுவில் ஒரு நாள் எப்படிக் கழிப்பது?

காலையில் ரிட்சுரின் தோட்டம். விடியும் நேரத்திலேயே திறந்துவிடுவார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பைன் மரங்களைத் தலைமுறை தலைமுறையாகக் கைகளால் கத்தரித்து வளைத்திருக்கிறார்கள். ஒகயாமாவின் கோராகுவென் ஜப்பானின் மூன்று பெரிய தோட்டங்களில் ஒன்று என்று பெயர் வாங்கியது, ஆனால் ஒன்றைத்தான் பார்க்கமுடியும் என்றால் நான் ரிட்சுரினைத்தான் சொல்வேன்.

அடுத்து ஊதோன், அதாவது தடித்த கோதுமை நூடுல்ஸ். இந்தக் ககாவா மாநிலம் ஜப்பானிலேயே சிறியது, மழையும் குறைவு, நெல்லோடு கோதுமையும் விளைந்த மண். நூடுல்ஸ் ஊராக ஆனது அதனால்தான். ஏரிப்பாசனம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த நிலம் அந்நியமாகத் தெரியாது. மாநிலத்தில் 10,000-க்கும் மேல் பாசனக் குளங்கள். அவற்றில் பெரியதான மன்னோ ஏரியின் கரை உடைந்தபோது 821-இல் அதைச் சீரமைத்தவர் குகாய் என்ற துறவி. அவர் பிறந்த ஊரும் இதே மாநிலத்தின் சென்ட்சுஜிதான்.

ஊதோன் கடைகள் பலவற்றில் எல்லாம் நாமேதான். தட்டை எடுத்துக்கொண்டு எத்தனை உருண்டை என்று சொல்ல வேண்டும். கிண்ணத்தில் நூடுல்ஸ் தருவார்கள். சில கடைகளில் அதைக் கம்பிக்கூடையில் போட்டுக் கொதிநீரில் நாமே சில நொடி அலசி எடுக்க வேண்டும். காசு கொடுத்தபின் குழாயைத் திறந்து சூப் பிடித்து, வெங்காயத்தாளும் இஞ்சித் துருவலும் தூவிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நல்ல கடைகள் பிற்பகல் இரண்டு மணிக்குள், மாவு தீர்ந்ததும் மூடிவிடும்.

கொடோஹிராவுக்கு மாலையில் கிளம்பாதீர்கள். கடலோடிகளின் காவல்தெய்வமான கொன்பிராவின் முதன்மைக் கோயிலுக்கு 785 படி, உள்கோயில் வரை போனால் 1,368. வயதானவர்கள் அடிவாரக் கடைத்தெருவிலேயே இருக்கலாம்.

சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டியிருக்குமா?

பட்டினி இல்லை, சலிப்பு உண்டு. சிக்கல் கறியில் இல்லை, தாஷி என்ற சூப்பில். பார்க்கத் தெளிந்த நீராக இருக்கும், காய்ந்த மீனை ஊறவைத்துக் கொதிக்கவைத்தது. தகமட்சு ஊதோன் சூப்பு நெத்திலிக் கருவாட்டில் செய்தது. "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் கடைக்காரர் துண்டங்களை எடுத்துவிட்டு அதே சூப்பை ஊற்றித் தருவார், அவர்மேல் தப்பில்லை. இறைச்சி, மீன், மீன் சூப் மூன்றும் வேண்டாம் என்று ஜப்பானிய எழுத்தில் எழுதிய அட்டையைக் கையில் வைத்திருங்கள். ஊதோன் கடையில் சூப் இல்லாமல் வெறும் நூடுல்ஸும் சோயா சாஸும் கேட்கலாம். அந்த சாஸிலும் தாஷி கலந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹிரோஷிமாவின் ஒகோனோமியாகி என்பது கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவது. தோசைபோல மெல்லிய மாவை வார்த்து, அதன்மேல் மீன்பொடி தூவி, ஒரு மலைக்கு முட்டைக்கோஸ் குவித்து, பன்றி இறைச்சி அடுக்கி, திருப்பிப் போட்டு, நூடுல்ஸ், முட்டை என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். இறைச்சியை நீக்கச் சொன்னால் நீக்குவார்கள், ஆனால் மீன்பொடி முதல் அரை நிமிடத்திலேயே விழுந்துவிடும். மாவு கல்லில் விழும் முன் சொல்லுங்கள். மேலே தடவும் சாஸிலும் பெரும்பாலும் அசைவச் சாறு இருக்கும், கறார் சைவர்கள் விட்டுவிடுவது நல்லது.

ஷோடோஷிமா சைவர்களுக்கு இதமான தீவு. பெரிய மரப்பீப்பாய்களில் ஊறும் சோயா சாஸ், கையால் இழுக்கும் சோமென் நூடுல்ஸ், 1908-இல் நட்டுத் தொடங்கிய ஆலிவ் தோட்டங்கள். வற்றத்தில் மட்டும் தலைகாட்டும் மணல்திட்டுப் பாதையும் அங்கே இருக்கிறது, அடுத்த குட்டித் தீவுக்கு நடந்தே போகலாம். அதற்கும் நீர் அட்டவணையைப் பார்க்க வேண்டும்.

ஹிரோஷிமா, ஒகயாமா, தகமட்சு மூன்றிலும் இந்திய உணவகங்கள் உண்டு, பலவற்றை நடத்துபவர்கள் நேபாளிகள். தீவுகளுக்குப் போகும் நாளில் மட்டும் கையில் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். அங்கே மதியம் இரண்டுக்குமேல் அசைவர்களுக்கே சாப்பாடு கிடைப்பது கஷ்டம்.

மட்சுயாமாவின் டோகோ வெந்நீர்க் குளியலில் ஆடையில்லாமல்தான் குளிக்க வேண்டுமா?

ஆமாம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி. முதலில் ஒதுக்குப்புறத்தில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக்கொண்டுதான் தொட்டியில் இறங்க வேண்டும். சின்னத் துண்டு தண்ணீரில் படக்கூடாது, முடியைத் தூக்கிக் கட்ட வேண்டும். கூச்சம் முதல் ஐந்து நிமிடம்தான், யாரும் யாரையும் பார்ப்பதில்லை. கடைசிவரை மனம் ஒப்பாவிட்டால் தெருவிலேயே இலவசமாகக் கால்மட்டும் நனைக்கும் தொட்டி இருக்கிறது.

மூன்றடுக்கு மரக்கட்டடம் 1894-இல் எழுந்தது, ஐந்தாண்டுக்கு மேல் நடந்த சீரமைப்பு முடிந்து 2024 ஜூலையில் முழுமையாகத் திறந்தார்கள். காலை ஆறு மணிக்கு உச்சியில் முரசு கொட்டியதும் கதவு திறக்கும். கூட்டம் இல்லாத நேரம் அதுதான். குளித்துவிட்டு மட்சுயாமா கோட்டைக்குப் போனால், பழைய கோபுரம் அப்படியே நிற்கும் பன்னிரண்டு கோட்டைகளில் ஒன்றைப் பார்த்த கணக்கு.

நருடோ நீர்ச்சுழல், ஹிமேஜி கோட்டை?

ஹிமேஜிக்கு ஒசாகாவிலிருந்து வரும் வழியில் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள், போதும். ஷிகோகுவின் வடகிழக்கு முனையில் உள்ள நருடோவில் சுழல் நாள் முழுவதும் சுழலாது. உள்கடலுக்கும் வெளிக்கடலுக்கும் நீர்மட்டம் மாறுபடும் நேரத்தில், ஏற்றமும் வற்றமும் உச்சத்தில் இருக்கும் சமயத்துக்கு முன்பின் ஒன்றரை மணி நேரம்தான். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி 20 மீட்டர் அகலம் வரை விரியும். மற்ற நாளில் போனால் நுரை மட்டும்தான்.

விசா, பணம், பெட்டி பற்றிச் சுருக்கமாக?

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கும், மலேசியாவின் மின்சிப் பாஸ்போர்ட்டுக்கும் குறுகிய காலச் சுற்றுலா என்றால் வேண்டாம்.

தீவுப் பேருந்துகளிலும் சின்னக் கடைகளிலும் ரொக்கம்தான் நம்பகம், நூறு யென் நாணயங்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். செவன்-இலெவன் கடை ஏடிஎம்மில் வெளிநாட்டுக் கார்டு வேலை செய்யும். நீள, அகல, உயரம் கூட்டினால் 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்குப் புல்லட் ரயிலில் இடம் பதிவு செய்ய வேண்டும். அதைவிட, பெரிய பெட்டியை ஓட்டல் வரவேற்பில் கொடுத்து அடுத்த ஊருக்கு அனுப்பிவிடலாம், பெரும்பாலும் மறுநாளே போய்ச் சேர்ந்துவிடும். இரண்டு நாள் துணியோடு தீவேறுவதுதான் சுகம்.

காற்று, புயல் என்று படகு நின்றுவிட்டால்?

அன்று காலை துறையிலேயே அறிவிப்பு ஒட்டுவார்கள், படகு நிறுவனத்தின் தளத்திலும் வரும். விரைவுப் படகு முதலில் நிற்கும், பெரிய ஃபெர்ரி கடைசியில்தான். தீவில் தங்கியிருந்து மறுநாள் காலை விமானம் என்ற மாதிரி மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். விமானத்துக்கு முந்தைய இரவு ஒசாகா, ஒகயாமா அல்லது ஹிரோஷிமாவில் ரயில் நிலையம் பக்கத்தில் தங்குங்கள். புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் ரயில்களையும் முன்கூட்டியே அறிவித்து நிறுத்துவார்கள், ஆகவே செப்டம்பரில் வருபவர்கள் திட்டத்தில் ஒரு நாளைக் காலியாகவே விட்டு வையுங்கள்.